காதில் கடுகு

பிப்ரவரி 4, செவ்வாய்

காலை வாசிப்பில் மூன்று முறை குரல் உடைந்தது. கரும்பு அறுவடைச் செய்தியில் ஒரு தடவை, பேஸ்பால் முடிவுகளில் இரண்டு தடவை. பேஸ்பாலில் உடையலாமா? சுருட்டு சுற்றுகிற நூற்று நாற்பது பேரும் கையை நிறுத்தாமல் தலையை மட்டும் தூக்கிப் பார்த்தார்கள். முதல் வரிசை ஒன்பதாம் மேஜை காசிமிரோ, வாயில் சுருட்டோடு, கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி, "ரேடியோவுல பேட்டரி போயிடுச்சு போல, யாராவது தட்டிப் பாருங்கப்பா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் மைக்கில் சிரித்தேன். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

பத்தொன்பது வருஷமாக இந்தச் சுருட்டுத் தொழிற்சாலையில், வேலை நடக்கும்போது எல்லோருக்கும் மேடையிலிருந்து வாசித்துக் காட்டுகிற வாசிப்புக்காரி நான்தான். காலையில் ஆட்கள் எழுதிப் போடுகிற சீட்டுகளும் பத்திரிகையும், மதியம் நாவல். என்னை உட்கார வைத்தது மேலாளர் இல்லை, இவர்கள்தான். இலை நறுக்குகிற தகட்டுக் கத்தியால் பலகையைத் தட்டினால் சம்மதம் என்று அர்த்தம். கத்தியைத் தரையில் எறிந்தால் வேண்டாம் என்று அர்த்தம். அன்றைக்குத் தட்டினார்கள். இன்னொரு நாள் எறியவும் அவர்களுக்கு உரிமை உண்டு.

தொண்டை டாக்டரிடம் போக வேண்டும். வெள்ளிக்கிழமை.

பிப்ரவரி 7, வெள்ளி

டாக்டரம்மா குழாயை விட்டுப் பார்த்தாள். குரல் நாணில் வெள்ளையாக ஒரு திட்டு.

"ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட்?"

"ஒரு பெட்டி."

பார்த்தாள்.

"ஒண்ணரை."

இன்னும் பார்த்தாள்.

"சரி, ரெண்டு."

"விட்டீங்கன்னா திட்டு சுருங்க வாய்ப்பு இருக்கு. விடலைன்னா அறுத்து எடுப்பேன், திரும்ப வரும், திரும்ப எடுப்பேன். ஒவ்வொரு தடவையும் உங்க குரல்ல கொஞ்சம் என் தட்டுல விழும். மூணு மாசம் பாப்போம்."

சும்மா விடச் சொல்லவில்லை, அது அவள் பெருந்தன்மை. விடுவதற்குச் சிகிச்சை இருக்கிறதாம், இலவசம், நகரத்தில் ஒரு குழு நடக்கிறதாம். என்றைக்கு? வியாழன் காலை பத்து மணி. அந்த நேரத்தில் நான் மேடையில் பத்திரிகை வாசித்துக்கொண்டிருப்பேன். வேறு நாள் கேட்டேன். "ஒரே ஒரு நர்ஸ்தாங்க" என்றாள்.

வெளியே வந்து மருத்துவமனைப் படியிலேயே ஒன்று பற்ற வைத்தேன். என்ன ஜென்மம் நான்.

பிப்ரவரி 9, ஞாயிறு

பதினாலு வயதில் தொடங்கியது. முப்பத்தொன்பது வருஷம். இன்றைக்குத்தான் கழித்துப் பார்த்தேன்.

பிப்ரவரி 13, வியாழன்

பௌலினோவிடம் பல்வலி என்று சொல்லிவிட்டுப் போனேன். கூடத்தின் மேற்பார்வையாளன். நல்ல பையன்தான், எல்லாவற்றுக்கும் பயப்படுவான். உண்மையை எப்படிச் சொல்வது? சுருட்டுத் தொழிற்சாலையின் குரலே புகையிலையை விடப் போகிறது என்றா?

ஆள் ஏற்றுகிற லாரியில் ஒன்றரை மணி நேரம், நின்றபடி. குழுவில் பத்துப் பேர். நர்ஸ் பெயர் யாமிலா, முப்பதுகூட இருக்காது. படிவத்தை எடுத்துக்கொண்டு கேட்டாள், "வீட்ல வேற யாராவது புகைப்பாங்களா, அக்கா?"

"எங்க அக்கா."

"வேலை செய்யற இடத்துல?"

"நூத்தி நாப்பது பேர்."

பேனாவை நிறுத்திவிட்டாள். சுருட்டு சுற்றுகிற ஊரிலிருந்து ஒருத்தரும் வந்ததே இல்லையாம். "எப்படி வருவாங்க, நீங்க நடத்தறதே அவங்க வேலை நேரத்துல" என்று சொல்லிவிட்டேன். அவளுக்கு முகம் சுண்டிவிட்டது. அஞ்சு ஊருக்கு அவள் ஒருத்திதான். பாவம், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

சிகரெட் ஆசையை அடக்கத் தோலில் ஒட்டுகிற மருந்துப் பட்டை கையிருப்பில் இல்லை, வந்தால் தருவாளாம். அதுவரை மூச்சுப் பயிற்சி, குழுப் பேச்சு, அப்புறம் கடுகு. நிஜக் கடுகுதான். காது மடலில் ஐந்து இடத்தில் வைத்து மேலே பிளாஸ்திரி ஒட்டினாள். "கடுகு உங்களுக்காக விடாது, அக்கா. கை பையைத் தேடும்போது காதைத் தேடச் சொல்லுங்க, ஒவ்வொண்ணா அழுத்துங்க. அதுக்குள்ள அந்த நிமிஷம் போயிடும்." மூன்று முறை தொடர்ந்து வராவிட்டால் பெயரை எடுத்துவிடுவாள். வெளியே ஆட்கள் காத்திருக்கிறார்கள்.

திரும்பும்போது தலைமுடியைக் காதுக்கு மேல் இறக்கி விட்டுக்கொண்டேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

எங்கே போய் முட்டிக்கொள்வது? எங்கள் வீட்டு ஜன்னலில் எடெல்மிரா அக்கா சிகரெட் விற்கிறாள், ஒன்று இரண்டாக. காலை ஆறு மணிக்கே தட்டுகிறார்கள். பெட்டி என் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறது, வேறு இடம் இல்லை. எடுத்துக் கொடுப்பதும் நான்தான். கையில் வாசனை ஒட்டிக்கொள்கிறது.

அங்கிருந்து தொழிற்சாலைக்குப் போனால் நூறு சுருட்டு ஒரே நேரத்தில் எரிகிறது. சுற்றுகிறவர்கள் வேலை நேரத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் புகைக்கலாம், அது அவர்கள் உரிமை. மேடை உயரத்தில் இருக்கிறது. புகையும் உயரத்துக்குத்தான் வருகிறது.

இன்று நான்கே சிகரெட். இரண்டு பெட்டியிலிருந்து நான்கு. கெட்டிக்காரிதான். ஆனால் நான்கையும் கழிப்பறையில், பள்ளிக்கூடப் பெண்ணைப் போல.

பிப்ரவரி 20, வியாழன்

போகவில்லை. ஹவானாவிலிருந்து பார்வையாளர்கள் வந்திருந்தார்கள். "இன்னிக்கு மட்டும் பல்லைக் கடிச்சுக்கோங்க, நெரெய்தாக்கா" என்றான் பௌலினோ. கேலி செய்யவில்லை, அவன் நிஜமாகவே பல்வலி என்று நம்பிக்கொண்டிருக்கிறான். கடுகில் மூன்று உதிர்ந்துவிட்டது. ஒன்பது சிகரெட்.

பிப்ரவரி 27, வியாழன்

மறுபடியும் பல்வலி. பௌலினோ அனுப்பிவிட்டான். லாரி வரவில்லை. பதினொன்றரை வரை சாலையோரம் நின்றேன். எதிரே நின்றவர் ஒரு சிகரெட் நீட்டினார். மறுக்கவா முடியும்? முடியும். மறுக்கவில்லை.

இரண்டு தடவை தவறியாகிவிட்டது.

மார்ச் 4, செவ்வாய்

யாமிலா ஒரு சீட்டு அனுப்பியிருந்தாள், லாரி ஓட்டுநர் கையில். எடெல்மிராவிடம் சிக்கினால் தொலைந்தேன். "என் பொழைப்புல மண்ணைப் போடவா சிகிச்சைக்குப் போறே" என்பாள், ஊர் பூராவும் கேட்கும். அந்த வீட்டில் ஒளித்து வைக்க ஒரு இடமில்லை. அதனால் மாலையில் மேடையிலிருக்கும் பிஸ்கட் டப்பாவில் அடியில் போட்டு மூடினேன். அதை என்னைத் தவிர யாரும் திறக்க மாட்டார்கள்.

மார்ச் 5, புதன்

இன்றைக்கு எழுத்து கோணலாகத்தான் வரும்.

அந்தப் பிஸ்கட் டப்பாவின் மூடியில் ஒரு கீறல் இருக்கிறது. அதன் வழியாகத்தான் எல்லோரும் சீட்டுப் போடுவார்கள். தொலைந்த சாவி, ரேஷன் கடைக்குக் கோழி வந்தது, யாருடைய மாமியாருக்கு ரத்தம் தேவை, எல்லாம். மேடைக்கு வந்த சீட்டை வாசிக்காமல் விடக் கூடாது, அது எனக்கு முன்னாலிருந்தே இருக்கிற விதி. முன்கூட்டியே பார்த்துப் பொறுக்கவும் கூடாது. பத்தொன்பது வருஷத்தில் கண் பார்க்கும், வாய் ஓடும், புத்தி பின்னால் மெதுவாக நடந்து வரும்.

நேற்று போட்டது நினைவே இல்லாமல் காலையில் டப்பாவைக் கவிழ்த்தேன். முதலில் ஒரு குடை. பிறகு பன்றிக்குட்டி விற்பனை. பிறகு, இதே குரலில், நிறுத்தி நிதானமாக:

"நெரெய்தா காஸ்தெயானோஸ், புகையிலை விடும் சிகிச்சைக் குழு. இரண்டு வாரம் வரவில்லை. இந்த வியாழன் பத்து மணிக்கு வராவிட்டால் பெயர் நீக்கப்படும். காதில் புதுக் கடுகு வைக்க வேண்டும், தலைக்குக் குளித்துவிட்டு வரவும்."

என் பெயர் வந்ததுமே நிறுத்தியிருக்கலாம் இல்லையா? வாய் நிற்கவில்லை. தலைக்குக் குளிக்கிறது வரை வாசித்து முடித்தேன்.

அப்புறம் ஒரு சத்தம் வந்தது. காசிமிரோ கத்தியைத் தரையில் எறிந்தார். ஒரே ஒரு கத்தி. குனிந்து எடுத்துத் துடைத்துவிட்டு, அடுத்த இலையை விரித்தார். என்னைப் பார்க்கவில்லை.

நான் பத்திரிகையை எடுத்து வானிலை வாசித்தேன்.

மார்ச் 6, வியாழன்

போகவில்லை. ஆமாம், போகவில்லை. ஊருக்கே தெரிந்த பிறகு போவதற்கென்ன என்று யாராவது கேட்கலாம். பௌலினோ நேற்று மாலை வந்து, "அக்கா, இது புகையிலைத் தொழிற்சாலை. நாளைக்கு உங்க இடம் காலியா இருந்தா நான் மேல என்ன சொல்றது? கத்தி வேற விழுந்திருக்கு" என்றான். ஒரு கத்தி நூற்று நாற்பதாக எவ்வளவு நேரமாகும்? இந்த மேடை இல்லையென்றால் எனக்கு என்ன இருக்கிறது? எடெல்மிராவின் ஜன்னலா?

குரலைக் காப்பாற்ற மேடையை விட வேண்டும். மேடையைக் காப்பாற்ற குரலை விட வேண்டும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

பத்து மணிக்குப் பத்திரிகை வாசித்தேன். பதினொன்றுக்குக் கழிப்பறையில் அடுத்தடுத்து மூன்று. பெயர் போயிருக்கும்.

மார்ச் 10, திங்கள்

டப்பாவில் பெயரில்லாத ஒரு சீட்டு. இடது கையால் எழுதியது போலக் கிறுக்கல். "காதில் கடுகு வலிக்குமா?"

விதி விதிதானே. வாசித்தேன். பிறகு, மைக்கில், "வலிக்காது. தூங்கும்போது ஒருக்களிச்சா உறுத்தும்" என்றேன். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள், கெட்ட சிரிப்பில்லை.

மார்ச் 12, புதன்

இன்றைக்கு ஐந்து. "சிகரெட்டுக்கு மட்டும்தானா, சுருட்டுக்கும் உண்டா?" "பட்டை எப்போ வரும்?" "என் மனைவி கர்ப்பமாக இருக்கிறாள், அவளைக் கூட்டிப் போகலாமா?" "ஞாயிற்றுக்கிழமை வைக்க மாட்டார்களா?" ஐந்தாவதில் கேள்வியே இல்லை. "நானும்" என்று மட்டும் இருந்தது.

பௌலினோ வெளிறிப் போய் மேடை ஏறி வந்தான். "அக்கா, இந்த மாதிரிச் சீட்டை நிறுத்துங்க."

"நிறுத்த எனக்கு அதிகாரமில்ல, தம்பி. கூடத்தைக் கேளு."

வெள்ளிக்கிழமை கேட்கப் போகிறானாம். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

மார்ச் 14, வெள்ளி

பௌலினோ மைக்கில் பேசினான். புகையிலைக்கு விரோதமான சீட்டுகள் மேடையில் வாசிக்கப்படலாமா, கூடம் சொல்லட்டும் என்றான். எல்லோரும் காசிமிரோவின் முதுகைப் பார்த்தார்கள். அறுபத்தாறு வயது, ஐம்பது வருஷமாகச் சுற்றுகிறவர். அவர் கத்தி எந்தப் பக்கம் போகிறதோ பாதிக் கூடம் அந்தப் பக்கம் போகும்.

அவர் சுருட்டை வாயிலிருந்து எடுத்தார்.

"எங்க அம்மா செத்தது எனக்கு இந்த மேடையிலேருந்துதான் தெரியும். சீட்டு வந்துச்சு, வாசிச்சாங்க, எழுந்து போனேன். இன்னிக்கு இந்தச் சீட்டு வேணாம்பே, நாளைக்கு அந்தச் சீட்டு வேணாம்பே. மேடைக்கு வந்தா வாசிக்கணும். எனக்குக் கடுகும் வேணாம், மிளகும் வேணாம். ஆனா வாசிக்கணும்."

பலகையைத் தட்டினார். பிறகு முழுக் கூடமும் தட்டியது. எனக்கு அழுகை வந்துவிட்டது, அழுதேன், மைக் பக்கத்திலேயே.

இடைவேளையில் அவர் மேஜைக்குப் போனேன். "அப்ப ஏண்ணா அன்னிக்குக் கத்தியை எறிஞ்சீங்க?"

"பல்வலின்னு சொல்லி நூத்தி நாப்பது பேருக்குக் காது குத்தினியே, அதுக்கு. அதுவரைக்கும் ரெண்டு வாரமா நான் உனக்குக் கிராம்பு குடுத்து அனுப்பினேன், நீயும் வாங்கிப் பையில போட்டுக்கிட்டே."

உண்மைதான். கிராம்பு இன்னும் பையில் கிடக்கிறது.

மார்ச் 17, திங்கள்

யாமிலாவுக்கு போன் செய்தேன். என் பெயர் போய்விட்டது. அந்த இடத்தில் வேறு ஆள். மறுபடி சேர ஜூலை. ஜூலைக்குள் டாக்டரம்மாவின் தட்டில் என் தொண்டை பாதி விழுந்திருக்கும் என்றேன். பிறகு, "ஒரே வேலையிடத்துலேருந்து பன்னிரண்டு ஆள் பேர் குடுத்தா தனிக் குழு கேட்கலாம், அக்கா. நானே அங்க வருவேன். ஆனா பேர் வேணும், கையெழுத்தோட. பேரில்லாத சீட்டெல்லாம் மேல செல்லாது" என்றாள்.

மறைந்துகொண்டு கேட்கிறவர்களிடம் கையெழுத்தா? அவள் சொன்னதை அப்படியே மேடையில் வாசித்துவிட்டேன். எது வந்தாலும் வரட்டும்.

மார்ச் 26, புதன்

என்னையும் சேர்த்துப் பதினொன்று. நான்கு நாளாகப் பதினொன்றிலேயே நிற்கிறது. "நானும்" என்று எழுதியது யார் என்று இன்னும் தெரியவில்லை. நான் கையெழுத்துப் போட்டது வீட்டில் எடெல்மிராவுக்கும் தெரிந்துவிட்டது, இரண்டு நாள் பேசவில்லை. இன்றைக்கு ஏழு சிகரெட். பன்னிரண்டு வராது.

மார்ச் 28, வெள்ளி

வந்தது. காசிமிரோ மேடைப் படியில் நின்று பேனா கேட்டார். "பேரைத்தான் குடுக்கறேன், சுருட்டைக் குடுக்கல. தெளிவா எழுதிக்கோ" என்றார். நான் அதையும் நிஜமாகவே எழுதிவிடுவேன் என்று பயந்தோ என்னவோ, அவரே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

ஏப்ரல் 9, புதன்

யாமிலா வந்தாள். பௌலினோ தானாகவே முதலுதவி அறையைக் காலி செய்து பன்னிரண்டு நாற்காலி போட்டு வைத்திருந்தான். மதியச் சாப்பாட்டு நேரம். கறுப்பு அவரையும் சோறும் மடியில் வைத்துக்கொண்டே எல்லோரும் பேசினார்கள். பட்டை ஆறு பேருக்குத்தான் வந்திருந்தது. சீட்டுப் போட்டு எடுத்தோம், எனக்கு ஒன்று விழுந்தது. காசிமிரோ இரண்டு காதிலும் கடுகை ஒட்டிக்கொண்டு, வாயில் எரியும் சுருட்டோடு முதல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "ஐயா, இங்க மட்டும் அணைச்சிடுங்களேன்" என்றாள் யாமிலா. "நான் எண்ணிக்கைக்கு வந்தவன்மா" என்றார். அணைத்தார்.

ஏப்ரல் 16, புதன்

இன்று ஒன்றுமில்லை. பூஜ்யம்.

ஏப்ரல் 20, ஞாயிறு

நான்காவது நாள் முடிந்து ஐந்தாவது. எல்லோரையும் அடிக்க வேண்டும் போலிருக்கிறது. காப்பி குடிக்கப் பயமாக இருக்கிறது, காப்பிக்குப் பின்னாலேயே கை நீள்கிறது. மாலையில் எடெல்மிராவின் ஜன்னல் பக்கம் போய், "ஒண்ணே ஒண்ணு குடுக்கா" என்று கெஞ்சினேன். எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. அவள் பெட்டியை மடியில் இழுத்துக்கொண்டு, "ஊருக்கு விப்பேன், உனக்குக் கிடையாது. போய்க் காதைத் திருகிக்கோ" என்றாள். பெட்டி இப்போது என் கட்டிலுக்கு அடியில் இல்லை. எங்கே வைத்திருக்கிறாள் என்று அரை மணி நேரம் தேடினேன். கிடைக்கவில்லை.

மே 9, வெள்ளி

திட்டு வளரவில்லை. சுருங்கவும் இல்லை. அறுக்கத்தான் வேண்டுமாம்.

அப்படியானால் இருபத்து மூன்று நாள் எதற்கு? டாக்டரம்மாவிடமே கேட்டேன். "திரும்ப வராம இருக்கறதுக்கு" என்றாள். சரியான பதில்தான். எனக்குப் போதவில்லை. வெளியே வந்து அதே படியில் உட்கார்ந்தேன். பையில் கிராம்பு இருந்தது. ஒன்றை வாயில் போட்டுக் கடித்தேன், பல்வலி இல்லாமலே.

மே 19, திங்கள்

நாளை அறுவை. மூன்று வாரம் ஒரு சொல் கூடாது, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக. குரல் எப்படி வரும் என்று அவளுக்கும் தெரியாது. திரும்பி வந்ததும் புது ஆளைப் போல வாசித்துக் காட்ட வேண்டும், கூடம் முடிவு செய்யும். அதுவும் விதிதான். விதியைப் பிடித்துத் தொங்கியவள் நான்தானே.

ஜூன் 4, புதன்

எடுத்த திட்டில் பயப்படும்படி எதுவுமில்லை என்று முடிவு வந்தது. எடெல்மிரா அழுதாள். நான் பேசக் கூடாது, அவள் கையைத் தட்டிக் கொடுத்தேன்.

வீட்டில் இருக்க முடியாமல் கூடத்துக்குப் போய்ப் பின்வரிசையில் இலை தரம் பிரிக்கிறவர்களோடு உட்கார்ந்தேன். எங்கள் புதன்கிழமைக் குழுக்காரர்கள்தான் முறை வைத்து வாசிக்கிறார்கள். இன்றைக்குக் காசிமிரோ. எழுத்துக் கூட்டி, கமாவை எல்லாம் மிதித்துக்கொண்டு வாசித்தார். ஒரு சீட்டு எழுதி டப்பாவில் போட்டேன். அவர் பார்க்காமலே வாசித்தார், "நாளைக்கு டாக்டரிடம் போகிறேன், பத்து மணிக்கு இருக்க மாட்டேன். இது பல்வலி இல்லை. நெரெய்தா." கூடம் தட்டியது. அவர் மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஜூன் 25, புதன்

இன்று வாசித்தேன். கால் மணி நேரம்தான் அனுமதி. குரல் முன்பிருந்ததில்லை. தாழ்ந்து, தடித்து, வேறு யாருடையதோ போல வந்தது. பின்வரிசையில் ஒருத்தி "யாருது?" என்று கேட்டது எனக்கே கேட்டது. முதல் பத்தியை முடித்ததும் கை தானாக, அங்கே இல்லாத பெட்டிக்காக மேஜையில் துழாவியது. எழுபது நாளாகியும் துழாவுகிறது. காதைத் தொட்டேன். வாசித்து முடித்தேன்.

காசிமிரோ, "ரேடியோவை மாத்திட்டாங்கப்பா. இது பெரிய ரேடியோ" என்று பலகையைத் தட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். எவ்வளவு நேரம் தட்டினார்கள் என்று சொல்லத் தெரியவில்லை. ஒரு கத்தியும் விழவில்லை.

அப்புறம் டப்பாவைக் கவிழ்த்தேன். ஒரே ஒரு சீட்டு. "புதன் குழுவில் பன்னிரண்டு நாற்காலியும் நிரம்பிவிட்டது என்கிறார்கள். எண்ணிக்கைக்காக மட்டும் வருகிறவர் யாராவது இருந்தால், இடம் தருவாரா?" கீழே பெயர் இருந்தது, கையெழுத்தோடு. பௌலினோ. அவன் புகைப்பான் என்பதே யாருக்கும் தெரியாது. எழுத்தைப் பார்த்தேன். "நானும்" எழுதிய அதே பேனா, அதே சாய்வு.

கூடம் முழுக்க ஒன்பதாம் மேஜையைப் பார்த்தது.

"என்னை ஏன் எல்லாரும் பாக்கறீங்க?" என்றார் காசிமிரோ. "பதிமூணாவது நாற்காலி போடச் சொல்லு அவனை. அந்த அறைச் சாவி அவன்கிட்டதானே இருக்கு."

குனிந்து இலையை விரித்தார். அவர் வாயிலிருந்த சுருட்டு பற்ற வைக்காதது என்பதை அப்போதுதான் பார்த்தேன்.